வேர் சுற்றாத குழி

விழுந்த மரத்தின் வேரைக் கழுவிப் பார்த்தால் அது எப்படிப்பட்ட குழியில் முளைத்தது என்று சொல்லிவிடலாம். கனடாவின் மேற்கோர மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், 1970களின் பிற்பாதியில், வன ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த வித்தை வேண்டாமலே கைவந்தது. நட்டுச் சில ஆண்டுகளே ஆன லாட்ஜ்போல் பைன் கன்றுகள் நன்றாகத் தழைத்தன, மளமளவென்று உயர்ந்தன, பிறகு காற்றுக்கும் ஈரப்பனியின் பாரத்துக்கும் சாய்ந்தன. சாய்ந்தும் பிழைத்தவை அடிமரத்தில் கோணலோடு மேலே எழுந்தன. தோண்டிப் பார்த்தால் நாலாபக்கமும் ஓடியிருக்க வேண்டிய பக்கவேர்களைக் காணோம். நாற்றங்காலில் கன்று இருந்த குழியின் உருவம் மட்டும் அச்சு அசலாக மண்ணுக்கடியில் இருந்தது. குழியைவிட்டு வெளியேறி ஆண்டுகள் ஆகியும் வேர் குழிக்குள்ளேயே குடியிருந்தது.

அந்தக் குழி பிறந்த கதை இது. தக்காளி, மிளகாய் நாற்று விடும் குழித்தட்டைப் பார்த்தவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. இரண்டடி நீளம், ஓரடிக்குச் சற்றுக் கூடுதல் அகலம், ஒரு சாணுக்கும் குறைந்த ஆழம் என்று ஒரு தெர்மகோல் பாளம். அதில் வரிசை வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட குழிகள். ஸ்டைரோபிளாக் என்பது அதன் வணிகப் பெயர். வட அமெரிக்காவில் எரிந்துபோன, வெட்டிய காடுகளை மறுபடி எழுப்பக் கோடிக்கணக்கான நாற்றுகள் இந்தப் பாளத்திலிருந்துதான் போகின்றன. பார்த்தால் ஒன்றுமில்லாத பொருள். ஆனால் இதில் ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு துளையும் முன்னால் செத்த சில லட்சம் நாற்றுகளுக்குப் பதில்.

இதற்கு முன்னால் நாற்று என்றால் வெறும்வேர் நாற்றுதான். வயல்போல் பாத்தி கட்டி விதைத்து, இரண்டு மூன்று ஆண்டு வளர்த்து, குளிர்காலத்தில் அது உறங்கும்போது பிடுங்கி, மண்ணை உதறி, கட்டுக்கட்டாகக் குளிரில் வைத்து, வசந்தத்தில் நடுவார்கள். ஐரோப்பா நெடுங்காலம் செய்துவந்த முறை. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 1930 வாக்கில் வான்கூவர் அருகே கிரீன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் அரசு நாற்றங்கால் அப்படித்தான் தொடங்கியது. சமவெளியில் இது நல்ல முறை. மலையில்தான் தொல்லை. நாற்று உறக்கம் கலைவதற்கு முன் நட்டாக வேண்டும். உயரத்துச் சரிவுகளிலோ அதற்குள் பனி உருகியிருக்காது. பனி உருகும்வரை காத்திருந்தால் கிடங்கில் நாற்று தளர்ந்துவிடும். பிடுங்கும்போது அறுந்த நுண்வேர்களுக்குப் பதில் புது வேர் விடுவதற்குள் கோடை வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மரம் வெட்டும் வேகம் கூடியது. வெட்டிய இடத்தில் மறுபடி காடு வர வேண்டும் என்ற எண்ணம் அரசுக் கொள்கையாகவும் ஆகிவிட்டது. வேகமாக, மலிவாக, வருடத்தின் பல மாதங்களில் நடக்கூடிய நாற்று வேண்டியிருந்தது.

முதலில் வந்தவர் ஜான் வால்டர்ஸ். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஹேனி என்ற ஊரில் ஆராய்ச்சிக் காடு ஒன்று உண்டு, அங்கே இருந்தவர். அவர் யோசித்தது நடுபவனின் முதுகைப் பற்றி. ஒவ்வொரு கன்றுக்கும் குனிந்து, குழி பறித்து, வேரை நீட்டி வைத்து, மண்ணை மிதித்து நிமிர்வதற்குப் பதிலாக, நின்றபடி சுட்டுவிட்டுப் போனால் என்ன? உண்மையாகவே சுடுவதுதான். விரல் நீளத்தில், முனை கூரான கெட்டிப் பிளாஸ்டிக் குண்டு ஒன்றைச் செய்தார். உள்ளே மண்கலவை, அதில் ஒரு விதை. முளைத்துச் சில வாரமானதும் குண்டை ஒரு நடுதுப்பாக்கியில் செருகி மண்ணுக்குள் செலுத்த வேண்டியது. குண்டின் பக்கவாட்டில் ஒரு கீறல் விட்டிருந்தார். வேர் பருக்கப் பருக்க அந்த இடத்தில் குண்டு பிளந்து வழிவிடும் என்பது கணக்கு. 1961-இல் கனடாவின் வனவியல் இதழில் 'நடுதுப்பாக்கியும் குண்டும்' என்று கட்டுரையே எழுதினார். போர் முடிந்து பதினாறு ஆண்டு ஆகியும் பொறியாளர்கள் கனவில் துப்பாக்கிதான் வந்தது போலிருக்கிறது.

நடுவதில் வால்டர்ஸ் ஜெயித்தார். வளர்வதில் தோற்றார். வேர் குண்டைப் பிளக்கும் வேகம் அவர் நினைத்ததைவிடக் குறைவு. அதற்குள் குளிர்காலம் வந்தால் இன்னொரு வம்பு. மண்ணில் உள்ள நீர் உறைந்து உப்பும்போது வழவழப்பான பிளாஸ்டிக்கைப் பிடித்து மேலே தள்ளும். வேர் வெளியே பாய்ந்து மண்ணைப் பற்றியிருந்தால் தாக்குப்பிடிக்கும், இல்லையென்றால் வசந்தத்தில் நாற்றும் குண்டுமாகத் தரைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இதே காலத்தில் கிழக்கே ஒன்டாரியோ மாகாணத்தில் விரல் தடிமனுள்ள பிளந்த பிளாஸ்டிக் குழாயில் நாற்று வளர்த்து, குழாயோடு நட்டார்கள். 1960களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் நட்டிருக்கிறார்கள். சில வாரமே ஆன பிஞ்சுகள் அவை. புல் மூடியது, உறைபனி தூக்கியது, திட்டம் சுருங்கியது. மலிவு என்பதற்காக எண்ணிக்கையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஆனால் அந்தப் பாடத்தை உலகம் இன்னும் ஆண்டுதோறும் புதிதாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

திருப்பம் வந்தது வான்கூவர் தீவின் விக்டோரியா நகரில், கனடா வனத்துறையின் ஆராய்ச்சி மையத்தில். ஜேம்ஸ் கிங்ஹார்ன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் வால்டர்ஸின் குண்டை வைத்துச் சோதனை நட்டுவந்தார்கள். குண்டோடு நட்டது ஒரு வரிசை. குண்டிலிருந்து உருவி, மண்கட்டியோடு மட்டும் நட்டது ஒரு வரிசை. வெறும்வேர் நாற்று இன்னொரு வரிசை. உருவி நட்டவை குண்டோடு நட்டவற்றை மிஞ்சின. விஷயம் இவ்வளவுதான், ஆனால் அதிலிருந்து கிங்ஹார்ன் எடுத்த முடிவு பெரியது. கலம் நாற்றோடு காட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. நாற்றங்காலில் வேர் தன்னைச் சுற்றியிருக்கும் மண்கலவையை இறுகப் பின்னிக்கொள்ளும்வரை அதற்கு ஓர் அச்சு இருந்தால் போதும். பிறகு அச்சைக் கழற்றிவிட்டு, பின்னிய கட்டியை மட்டும் நட்டுவிடலாம். அச்சை அடுத்த ஆண்டு மறுபடி பயன்படுத்தலாம்.

காட்டுக்குப் போக வேண்டியதில்லை என்றானதும் கலம் எதனால் ஆனது என்ற கேள்வியே மாறிவிட்டது. மண்ணைக் குத்தும் கெட்டித்தன்மை வேண்டாம், மட்கும் குணம் வேண்டாம். லேசாக, மலிவாக, வெயிலும் குளிரும் வேரைத் தாக்காதபடி இருந்தால் போதும். தெர்மகோல் அதற்கென்றே பிறந்த பொருள். 1970-ஐ ஒட்டி முதல் பாளங்கள் வந்தன. குழி ஒன்றுக்குச் சுமார் 40 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும். இருநூறு சொச்சம் மரங்களை ஒரு ஆள் இரண்டு கையால் தூக்கிக்கொண்டு போகலாம்.

அந்தக் குழியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். மேலே அகலம், கீழே குறுகல். கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உட்சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய வரம்புகள். வேருக்குச் சுவரில் முட்டினால் திரும்பிச் சுவரோரமாகவே ஓடும் பழக்கம் உண்டு. வழவழப்பான வட்டச் சுவராக இருந்தால் சுற்றிச்சுற்றி வரும். வரம்பில் தட்டினால் சுற்ற வழியின்றிக் கீழே இறங்கும். கீழே ஒரு திறந்த துளை. பாளத்தைத் தரையில் வைக்கக் கூடாது. சட்டத்தின் மேல் உயரத்தில் வைத்து அடியில் காற்று ஓட விட வேண்டும். இறங்கிவந்த வேர்நுனி துளையில் எட்டிப்பார்த்ததும் காற்றில் காய்ந்து நின்றுவிடும். நுனி நின்றால் பின்னால் கிளை வெடிக்கும். கிளையும் கீழே வந்து காயும். அதற்குப் பின்னால் இன்னும் கிளைகள். கத்தி வேண்டாம், ஆள்கூலி வேண்டாம், காற்றே வேரைக் கத்தரித்துக்கொண்டிருக்கும். ஒரு பருவம் முடிவதற்குள் குழி நிறைய வெள்ளை வேர்ப்பின்னல்.

வெறும்வேர் நாற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆன இடத்தில் இதற்கு ஓராண்டு. பீட் கரியும் வெர்மிகுலைட்டும் கலந்த கலவை, பசுமைக்குடில், குழாய் வழி உரம் என்று நாற்றங்கால் ஒரு தொழிற்சாலையின் ஒழுங்குக்கு வந்தது. குழியின் அளவையே பெயராக்கினார்கள்: 211 என்றால் இரண்டு சென்டிமீட்டர் வாய், 11 சென்டிமீட்டர் ஆழம், 313, 415 என்று மேலே போகும். 1974-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கல நாற்றுகளுக்கென்றே வட அமெரிக்கா தழுவிய கருத்தரங்கு கூடியது. கிங்ஹார்ன் அங்கே கல நடவின் அடிப்படைக் கோட்பாடுகளைப் பற்றிக் கட்டுரை படித்தார்.

ஆனால் குறை உள்ளேயே இருந்தது. அச்சைக் கழற்றினால் கட்டி உதிராமல் இருக்க வேண்டுமென்றால் வேர் குழியை நிறைத்தாக வேண்டும். குழியை நிறைக்கும்வரை வைத்திருந்தால் வேர் குழியின் உருவத்தை எடுத்துக்கொள்ளும். வரம்புகள் சுற்றலைத் தடுத்தன, சரி. ஆனால் பக்கவாட்டில் கிளம்பிய வேர்களையெல்லாம் கீழ்நோக்கி மடக்கிவிட்டன. நட்ட பிறகு புது வேர் புறப்படுவது கட்டியின் அடியிலிருந்துதான், ஏனென்றால் உயிருள்ள நுனிகள் எல்லாம் அங்கேதான் குவிந்திருக்கின்றன. இயற்கையாக விழுந்து முளைத்த லாட்ஜ்போல் பைன் மேல்மண்ணில் பக்கவேர்களைப் பரப்பிக் காலை அகட்டி நிற்கும். நட்ட பைன் அடித்த முளைக்குச்சியாக நின்றது. அதுவும் வேகமாக வளரும் இனம். தலைப்பாரம் ஏறிய பிறகு காற்றுக்கு எப்படி ஈடுகொடுக்கும்? கட்டுரையின் தொடக்கத்தில் சாய்ந்து கிடந்தவை இவைதான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. 1978 மே மாதம் விக்டோரியாவில் 'நட்ட மரங்களின் வேர் வடிவம்' என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கு நடந்தது. வேர்க்கோளாறுகளின் படங்களும் அளவுகளுமாக ஒரு தடித்த தொகுதி வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியர்கள் இருவர்: மாகாண நாற்றங்கால் பணியில் இருந்த எவர்ட் வான் ஏர்டன், இன்னொருவர் கிங்ஹார்னேதான். தான் பெற்ற பிள்ளைமீது வந்த புகாரைத் தானே பஞ்சாயத்தில் வைத்து, சாட்சிகளையும் தானே அழைத்து உட்கார வைத்தார். கண்டுபிடித்தவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியமல்ல இது.

அதே ஆண்டு, அதே மாகாணத்தில் ஏ. என். பர்டெட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வழி சொன்னார். குழியின் உட்சுவரில் தாமிர கார்பனேட் கலந்த லேடெக்ஸ் பெயின்ட் பூச வேண்டும். தாமிரம் வேர்நுனிக்கு ஆகாது. பக்கவேர் சுவரைத் தொட்டதும் நுனி நின்றுவிடும், கீழே மடங்காது. செத்துப்போவதில்லை, காத்திருக்கும். கட்டியை உருவி மண்ணில் வைத்ததும் தாமிரத்தின் தடை நீங்க, மேலிருந்து கீழ்வரை எல்லா மட்டத்திலும் நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் பாயும். மேல்மண்ணில் பரவும் வேர் பைனுக்குத் திரும்பக் கிடைத்தது. திராட்சைக்கும் தென்னைக்கும் மயில்துத்தம் கலந்து போர்டோக் கலவை தெளிப்பவர்களுக்குத் தாமிரம் பூஞ்சையைக் கொல்லும் என்று தெரியும். வேருக்கு 'இங்கேயே நில்' என்று சொல்லவும் அதனால் முடியும் என்பது இங்கே பயன்பட்டது. எட்மன்டன் அருகே உள்ள பீவர் பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் இன்றும் தாமிரம் பூசிய பாளங்களைத் தனி வகையாக விற்கிறது. சுவரில் நெடுக்குவாட்டில் கீறல் விட்டுப் பக்கத்திலிருந்தும் காற்றைக் கத்தரிக்க விடும் கலங்கள் பிறகு வந்தன. தெர்மகோலுக்கும் தன் குறைகள் உண்டு. பழைய பாளத்தின் மணிகளுக்கிடையே வேர் புகுந்து ஒட்டிக்கொள்ளும், அதில் பூஞ்சை தங்கும், ஒவ்வோர் ஆண்டும் சுடுநீரில் முக்கி எடுக்க வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். வனத்துறை நாற்றங்காலானாலும் சாலையோரப் பண்ணையானாலும் நமக்குக் கன்று என்றால் கறுப்பு பாலிதீன் பை. மலிவு, எங்கும் கிடைக்கும், செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து நிரப்ப யாருக்கும் வரும். ஆனால் அதன் சுவர் வழவழப்பு, வரம்பு கிடையாது, தரையில் உட்கார்ந்திருக்கும். வேர் ஒன்று அடித்துளை வழியாகத் தரைக்குள் இறங்கும், இல்லையென்றால் பைக்குள்ளேயே சுற்றும். இறங்கினால் பையைத் தூக்கும்போது ஆணிவேர் அறுபடும். அதைத் தடுக்கத்தான் நாற்றங்கால் பெண்கள் சில வாரத்துக்கு ஒருமுறை பைகளை இடம் மாற்றி அடுக்குகிறார்கள். அந்த வேலை தவறிய பண்ணையில், விற்காமல் தேங்கிய வேம்பின் பையைக் கிழித்துப் பாருங்கள்: அடியில் வேர் சும்மாடு கட்டி வைத்த மாதிரி சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் பத்தாண்டு கழித்து ஒரு புயலன்று தெரியும்.

வரம்பு வைத்த கலம் தமிழ்நாட்டுக்கு வராமலில்லை. ரூட் டிரெய்னர் என்ற பெயரில், கெட்டிப் பிளாஸ்டிக் கிண்ணங்களாக வந்தது. அன்றைய ஆந்திரத்தின் பத்ராசலத்தில் ஐடிசி காகித ஆலை 1989-இல் தைலமரத்தில் குளோன் கன்றுகளை உருவாக்கத் தொடங்கியது. தொடர்ந்து காகித ஆலைகள் இந்தக் கிண்ணங்களைப் பெருமளவில் எடுத்துக்கொண்டன. கரூர் காகித ஆலையின் குளோன் பண்ணையிலும் சவுக்கும் தைலமும் இப்படித்தான். பீட் கரிக்குப் பதில் நம்மிடம் தென்னை நார்க்கழிவு இருக்கிறது. அதில் நாம் கனடாவைவிட வசதிக்காரர்கள். கூழுக்கு வெட்டப்போகும் மரத்துக்கு நல்ல வேர் வாய்த்தது. நூறாண்டு நிற்க வேண்டிய மருதுக்கும் இலுப்பைக்கும் பெரும்பாலும் இன்னும் பைதான். 2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோதும் அரசுக்காக நாற்று வளர்க்கும் பைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பையின் பக்கமும் நியாயம் உண்டு. கிண்ணத்தில் ஈரம் சீக்கிரம் வற்றும். மழை தள்ளிப்போய் ஒரு மாதம் கன்று காத்திருக்க நேர்ந்தால் ராமநாதபுரத்தில் பைக்கன்று பிழைக்கும், கிண்ணக்கன்று கருகும். ஆனால் இது பையா கிண்ணமா என்ற வழக்கு மட்டுமல்ல. தூக்கி வைத்த பை, காலத்தில் மாற்றிய பை, சரியான வயதில் வெளியேறிய பை எல்லாம் நல்ல வேரைக் கொடுக்கும்.

கலத்தின் கதை இப்படி ஓடிக்கொண்டிருக்க, நல்ல நாற்று என்றால் எது என்ற கேள்வி அதற்கும் முன்பிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிலிப் வேக்லி என்ற வனவியலாளர் பைன் நாற்றுகளை உயரம், தண்டின் தடிமன், ஊசியிலையின் தோற்றம் ஆகியவற்றைப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தார். நட்டுப் பார்த்தபோது சில சமயம் கழித்துக் கட்டியவை பிழைத்தன, முதல் தரம் காய்ந்தது. கண்ணுக்குத் தெரிகிற தரத்துக்கு அப்பால் நாற்றின் உடல்நிலை என்று ஒன்று இருக்கிறது என்று 1954-இல் வந்த தன் பெரிய நூலில் எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் எட்வர்ட் ஸ்டோன் அதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்: பிடுங்கிய நாற்று எவ்வளவு வேகமாகப் புது வேர் விடுகிறது என்று பாருங்கள். பர்டெட் பின்னர் இதை ஏழு நாள் சோதனையாகச் சுருக்கினார். ஒரு கட்டிலிருந்து சில நாற்றுகளை எடுத்து, கதகதப்பான அறையில் ஒரு வாரம் வளர்த்து, கழுவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட புது வேர்களை எண்ணுவது. உயரத்தை அளக்கும் குச்சிக்கு இதில் வேலையே இல்லை.

1990-இல் ஆரிகன் மாநிலத்தின் ரோஸ்பர்க்கில் ஒரு கருத்தரங்கில் கூடியவர்கள் இதை இன்னொரு படி கொண்டுபோனார்கள். நாற்றங்காலில் எது அழகாக இருக்கிறது என்பது பேச்சே அல்ல. எந்த இடத்தில் நடப்போகிறோமோ அந்த இடம் என்ன கேட்கிறது என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள் என்றார்கள். அங்கே புல் உயரமா, நாற்றும் உயரம். அங்கே வறட்சியா, ஆழமான குழி, குட்டை நாற்று. அங்கே செப்டம்பரில் உறைபனியா, அதற்கு முன்னால் மொட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

மொட்டுக் கட்ட வைப்பது ஒரு சுவையான ஏமாற்று வேலை. கோடையின் நீண்ட பகலில் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நாற்று வளர்ந்துகொண்டே போகும். அதை நிறுத்த, பசுமைக்குடிலின் மேல் மாலையிலேயே கறுப்புத் திரையை இழுத்துவிடுவார்கள். சில வாரம் இப்படி நடந்தால், இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று நம்பி நாற்று உச்சி வளர்ச்சியை நிறுத்தி மொட்டுக் கட்டும். அதற்குப் பின் சேரும் சத்து தண்டுக்கும் வேருக்கும் போகும். தண்ணீரை இழுத்துப் பிடிப்பது, தழைச்சத்தைக் குறைப்பது எல்லாம் இதே குடும்பத்து வைத்தியங்கள். குளிர் வந்ததும் குழியிலிருந்து உருவி, கட்டி, மெழுகுப் பூச்சுள்ள அட்டைப்பெட்டியில் போட்டு, பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி கீழே உறைய வைத்துவிடுவார்கள். மலையில் பனி எப்போது உருகுகிறதோ அப்போது பெட்டியைத் திறந்தால் போதும். முன்னே சொன்ன வெறும்வேர் நாற்றின் பழைய தொல்லை இங்கே தீர்ந்தது. இன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் நடுகிறார்கள். கிட்டத்தட்ட எல்லாமே குழி நாற்று.

குழி சரி, வளர்ப்பும் சரி. விதை? டென்வர் கருத்தரங்கு நடந்த அதே 1974-இல், பிரிட்டிஷ் கொலம்பியாவில் கீத் இல்லிங்வொர்த் லாட்ஜ்போல் பைனின் விதையை 140 இடங்களிலிருந்து திரட்டி, மாகாணம் முழுக்கச் சுமார் 60 இடங்களில் நட்டார். எந்த ஊர் விதை எந்த ஊரில் நன்றாக வளரும் என்று பார்ப்பதுதான் நோக்கம். தட்பவெப்பம் மாறும் என்ற கவலை அவருக்கு அன்று இருந்திருக்க வாய்ப்பில்லை. முப்பது ஆண்டு கழித்து அந்தத் தோட்டங்கள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கின. குளிரிடத்து மரத்தை வெப்பமான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை அவை அத்தனை காலமும் நின்று காட்டிக்கொண்டிருந்தன.

உள்ளூர் விதையே உத்தமம் என்பது வனவியலின் பழைய நம்பிக்கை. உள்ளூரே இடம்பெயர்ந்துவிட்டால்? 2009 முதல் கிரெக் ஓநீல் தலைமையில் யூகானிலிருந்து வடக்குக் கலிஃபோர்னியாவரை 48 இடங்களில் புதிய சோதனைத் தோட்டங்கள் வைத்தார்கள். தெற்கத்தி விதையை வடக்கே, தாழ்வான இடத்து விதையை உயரத்தில் நட்டுப் பார்ப்பது. 2018-இல் மாகாணத்தின் விதை விதிகளே மாறின. எந்தத் தாலுகா விதை என்பதற்குப் பதில் எந்தத் தட்பவெப்பத்து விதை என்று பார்த்து நாற்று விடுவது என்றானது. இதில் எல்லை மீறக் கூடாது. அறுபது ஆண்டுக்குப் பின் வரப்போகும் வெப்பத்துக்கேற்ற விதையை இன்றே நட்டால், இந்த வருடத்து உறைபனியே அதைக் கொன்றுவிடும். நட்ட நாளின் குளிரையும் வெட்டும் நாளின் வெயிலையும் ஒரே விதை தாங்க வேண்டும்; அதனால் இன்றைய தேவையிலிருந்து ஓரிரு அடி மட்டும் முன்னால் வைக்கிறார்கள். 2021 ஜூன் 29 அன்று அதே மாகாணத்தின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் ஊர் எரிந்தது. அப்படி ஒரு நாளுக்கு எந்தத் தாழ்நிலத்து விதையைக் கொண்டுவருவது என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே பாண்டரோசா பைன் காடுகள். லாட்ஜ்போலின் பல மரங்கள் பிசினால் மூடிய கூம்புகளை வைத்திருந்து தீ பட்டதும் திறந்து விதை கொட்டும்; பாண்டரோசாவுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. நிற்கும் மரத்திலிருந்து விதை காற்றில் நூறு இருநூறு மீட்டர் போனால் அதிகம். 2011-இன் லாஸ் கோன்சாஸ் தீ போல மைல் கணக்கில் ஒரு மரமும் மிஞ்சாமல் எரிந்த இடத்தில் நடாமல் காடு வராது. நட்டாலும், ஈரமான வடக்குக்கென்று வளர்த்த கொழுத்த நாற்று அந்தச் சரிவில் ஒரு கோடையைத் தாண்டுவது பெரும்பாடு.

மோரா என்ற மலையூரில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வனவியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஓவன் பர்னியும் அவரது சகாக்களும் அங்கே நாற்றை வேண்டுமென்றே தாகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்பென் என்ற மரத்தின் நாற்றுகளுக்குப் பசுமைக்குடிலிலேயே தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் அவை குட்டையாகின்றன, உடலில் வேரின் பங்கு கூடுகிறது. வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னொன்று: தண்ணீர் ஏறும் குழாய்களே மெலிந்திருக்கின்றன. மரம் வறட்சியில் சாவதற்கு ஒரு பெரிய காரணம், இழுவை தாங்காமல் அந்தக் குழாய்களில் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துபோவது. அகன்ற குழாய் நிறைய நீரைக் கொண்டுபோகும், சீக்கிரம் அறுபடும். மெல்லிய குழாய் மெதுவாகக் கொண்டுபோகும், பஞ்சத்தில் பிடித்துநிற்கும். நாற்றங்காலின் முதல் சில மாதங்கள் வேரின் வடிவத்தை எழுதிவிடுகின்றன என்று 1978-இல் கண்டார்கள். தண்டின் உட்குழாயையும் எழுதுகின்றன என்பது இப்போது கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்துப் பளபளவென்று வளர்த்தெடுத்த நாற்றங்கால்களின் நல்லெண்ணத்தை நினைத்தால் சற்றுச் சங்கடமாக இருக்கிறது.

2022-இல் மோராவைச் சுற்றியே தீ வந்தது. வனத்துறை திட்டமிட்டு வைத்த சிறு தீக்கள் கைமீறி, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்து, அந்த மாநில வரலாற்றின் மிகப் பெரிய காட்டுத் தீ ஆனது. அப்போது மோரா நாற்றங்காலின் கொள்ளளவு ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் நாற்று. எரிந்த நிலங்களுக்குத் தேவைப்படுவதோ கோடிகளில். ஆண்டுக்கு 50 லட்சம் நாற்று விடும் புதிய மையத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே மேசைக்கு வரும் கேள்விகள் கிங்ஹார்னுக்குத் தெரிந்தவைதான். ஆழமான குழி வைத்தால் ஒரு பாளத்தில் பாதி நாற்றுதான் கொள்ளும். அறிவிப்பில் சொன்ன எண் பாதியாகும், ஒரு நாற்றின் செலவு ஏறும், நடுபவர் சுமக்கும் பாரமும் கூடும். ஆழமில்லாத குழி வைத்தால் எண் நிறையும். விதை எடுக்கப் பாண்டரோசா நன்றாகக் காய்க்கும் வருடத்துக்குக் காத்திருக்க வேண்டும், அது சில ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அந்த வருடத்தில் கூம்பு பறிக்க மரமேறத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வேலைக்கு ஆட்கள் அமெரிக்காவில் மிகக் குறைந்துவிட்டார்கள்.